மந்திரம் வேண்டுமா, பேனாவை எடு!

கேள்வி: மந்திரம் கற்கும் சிறுமி கதை என்றாலே மந்திரக்கோலும் முணுமுணுப்பும்தானே? மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையில் மட்டும் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது?

பதில்: கோலும் கிடையாது, முணுமுணுப்பும் கிடையாது. பேனாவும் மையும் போதும்!

காமோமே ஷிராஹாமா 2016 முதல் வரைந்துவரும் ‘விட்ச் ஹாட் அட்டெலியே’ மங்காவில் மந்திரத்தை ஓதுவதில்லை, வரைகிறார்கள். நடுவிலுள்ள குறி நீரா நெருப்பா என்று சொல்லும். சுற்றியுள்ள குறிகள் அது பாயும் விதத்தைச் சொல்லும். வெளிவட்டம் மூடிய கணமே மந்திரம் பலிக்கும். கோடு கோணினால் மந்திரமும் கோணும். பறக்கும் காலணியைப் பாருங்கள்: ஒவ்வொன்றின் அடியிலும் பாதி வட்டம். இரு கால்களையும் ஒட்டி வைத்தால் வட்டம் முழுமையாகும், ஆள் அந்தரத்தில்!

நாயகி கோகோ, துணி தைக்கும் அம்மாவின் மகள். மந்திரவாதியாகப் பிறந்தால்தான் மந்திரம் வரும் என்று ஊரே நம்புகிறது. உண்மையோ வேறு: யார் வரைந்தாலும் பலிக்கும். அந்த ரகசியத்தை மந்திரவாதிகள் கட்டிக் காக்கிறார்கள். விவரம் தெரியாமல் கோகோ ஒரு வட்டத்தைப் பிரதியெடுக்க, அம்மா கல்லாகிவிடுகிறாள். அவளை மீட்கத்தான் கிஃப்ரே என்ற ஆசிரியரிடம் சேர்கிறாள்.

அங்கே சிக்கல் இன்னும் பெரிது. மனித உடல்மீது மந்திரம் போடத் தடை; நோய் தீர்க்கக்கூட அனுமதியில்லை. அறிவைப் பூட்டி வைப்பது பாதுகாப்பா, அநீதியா? சிறுவர்களுக்கான கதைதானே என்று இந்தக் கேள்வியை ஷிராஹாமா சுலபமாக்கிவிடவில்லை.

மார்வெல், டிசி காமிக்ஸ்களுக்கு அட்டைப்படம் வரைந்த கை அவருடையது. இந்த மங்காவுக்கு 2020இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தது. முதல் தொகுதியை வாங்கி, பக்கங்களின் ஓரச் சித்திரங்களையும் நின்று நிதானமாகப் பாருங்கள்.