தகடூர் நாட்டில் எஃப் 2.8: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தருமபுரி மாவட்டத்தில் கேமரா வைத்திருப்பவர் எவரும் ஒரு கட்டத்தில் 'கேமராவோடு வந்த லென்ஸ் பத்தாது' என்ற ஞானத்தை அடைகிறார். அந்த ஞானம் எங்கிருந்து வருகிறது, வந்தபின் சேமிப்பு என்ன ஆகிறது, வாங்கிய லென்ஸ் கடைசியில் யாருக்கு உழைக்கிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒகேனக்கல்லின் கார்பனடைட் பாறைகளைப் புவியியலார் ஆராய்ந்துவிட்டனர். நடுகற்களைத் தொல்லியலார் ஆராய்ந்துவிட்டனர். லென்ஸ் மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமலே கிடக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது குறைந்த விலையில் கிடைக்கும், அகலத் துவாரமுள்ள ஸூம் லென்ஸ். குறைந்த விலையாவது யாதெனின், பில்லில் உள்ள தொகையும் வீட்டில் சொல்லும் தொகையும் ஒன்றாகவே இருக்கக்கூடிய விலை என்க.

நில எல்லை, 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டபடியால், கே.ஆர்.பி. அணையின் முன் எடுக்கப்படும் செல்ஃபிகள் இவ்வாய்வுக்கு உட்படா.

2. முன்னோர் மொழிந்தவை

ஸ்டில் கேமராவுக்கென்று முதன்முதலில் கடைக்கு வந்த ஸூம் லென்ஸ், 1959-இல் வெளியான வோய்க்ட்லண்டர் ஸூமார். 36 முதல் 82 மி.மீ. வரை போகும், துவாரம் எஃப் 2.8. ஆக, ஸூம் என்னும் இனம் பிறக்கும்போதே 2.8-ஆகத்தான் பிறந்தது. கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 3.5–5.6 என்பது பின்னால் வந்த சிக்கனம்.

கணக்கு எளிது. குவிய நீளத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். 50 மி.மீ.-இல் 2.8 என்றால் விட்டம் ஏறத்தாழ 18 மி.மீ.; 5.6 என்றால் 9 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும். அதனால்தான் ஸூமை முழுக்க நீட்டிய கிட் லென்ஸைவிட 2.8 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. விலை எத்தனை மடங்கு என்பது கணிதத்தில் வராது, குடும்பவியலில் வரும்.

தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இம்மண்ணின் பெருமகன் அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். லென்ஸைக் கொடுத்ததாகச் சான்று இல்லை. கொடையில் இவனுக்கு இணையான கடையெழு வள்ளல்களில் எஞ்சிய அறுவரும் இவ்வகையில் எச்சரிக்கையாகவே இருந்திருக்கின்றனர்.

3. கருதுகோள்

துவாரம் விரிய விரிய அழைப்பு பெருகும். அழைப்பு பெருகப் பெருக உறவு மங்கும். இதை மூன்று களங்களில் சோதிக்கிறோம்.

4. களம் ஒன்று: ஒகேனக்கல்

1992-இல் 'ரோஜா' வந்து, அதன் புகழ்பெற்ற பாட்டில் இந்த அருவி தெரிந்த நாளிலிருந்து, கேமரா வாங்கியவன் முதலில் ஒகேனக்கல்லுக்குத்தான் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். லென்ஸ் வாங்கச் சொல்லும் காரணமும் இதுவே: "டூர் போறோம்ல?"

ஆனால் உச்சி வெயிலில் ஒளிக்கணக்கு வேறு மாதிரிப் பேசுகிறது. நல்ல வெயிலுக்கு எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் நூற்றில் ஒரு விநாடி என்பது புகைப்படக்காரர்களின் பழைய வாய்பாடு. அதே வெயிலில் 2.8-ஐத் திறந்தால் ஷட்டர் 3200-இல் ஒரு விநாடிக்கு ஓட வேண்டும். பரிசல் அவ்வளவு வேகமாகச் சுற்றுவதில்லை. எஃப் 8-இல் 400-இல் ஒரு விநாடி தாராளம். அது கிட் லென்ஸிலேயே உண்டு. அருவியைப் பட்டுத்துணி போல வழியவிட வேண்டும் என்பவருக்குக் கால் விநாடியாவது வேண்டும். அதற்கு எஃப் 16-உம் போதாது. ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் வேண்டும். ஆக, அருவிக்காகத் துவாரத்தை விலைகொடுத்து வாங்கியவர், அதை அடைக்க மறுபடி விலைகொடுக்கிறார்.

ஸூமுக்கு மட்டும் இங்கே வேலை உண்டு. பரிசலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு மீட்டருக்குள்தான் இருப்பார். சிறிய சென்சார் கேமராவில், அந்தத் தூரத்தில் 50 மி.மீ. வைத்தால் 94 செ.மீ. அகலமே தெரியும்; மாமாவின் தோளும் தலையும் வரும், மாமி வரமாட்டார். 17 மி.மீ. வைத்தால் 2.76 மீட்டர், மாமி, குழந்தைகள், தின்பண்டப் பை உட்பட வந்துவிடுவர். நடு ஆற்றில் லென்ஸ் மாற்றுவது பற்றி ஆய்வு எதுவும் தேவையில்லை. துடுப்பைச் சாய்த்துச் சுற்றவிடும் முன் பரிசல்காரரே சொல்லிவிடுகிறார்: "அண்ணா, மொதல்ல அந்தக் கேமராவ கவர்ல போடுங்க."

சாரலைவிடக் கொடியது எண்ணெய். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு ஃபில்டரைத் தொட்டவரின் படங்களில் எல்லா முகங்களும் கனவுக்காட்சியாகத் தெரியும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் இதே விளைவுக்கு வேண்டுமென்றே வாசலின் தடவினார்கள்.

2.8 நியாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று இங்கே உண்டு: மீன் வறுவல் கடை. தகரக் கூரை, புகை, சட்டியின் அடியில் மட்டும் சிவப்பு வெளிச்சம். மசாலா பூசிய துண்டை அந்த அம்மா கரண்டியால் புரட்டும் கணம் வேண்டுமானால் ஷட்டர் 125-க்குக் கீழே இறங்கக்கூடாது. கிட் லென்ஸில் 30 வரும். கரண்டி இருக்கும், கை கரைந்துவிடும்.

'நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை' என்று செய்தி வரும் நாளில் எந்த லென்ஸும் உதவாது. அன்று பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் கன அடியே முக்கியம். எஃப் எண் அல்ல.

5. களம் இரண்டு: கல்லும் கூரையும்

மாவட்டத்தின் நடுகற்கள் புகழ்பெற்றவை; தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலேயே பல நிற்கின்றன. வீரனின் வில்லையும் மேலே உள்ள வட்டெழுத்தையும் படத்தில் படிக்க வேண்டுமானால் தேவை பக்கவாட்டு ஒளி. காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயில், ஆழமில்லாத வெட்டுகளில்கூட நிழலை ஊற்றிவிடும். துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால் கல் முழுவதும் துல்லியமாக விழும். 2.8-இல் எடுத்தால் வீரனின் மூக்கு தெரியும். அவன் மீட்ட ஆநிரை மங்கிவிடும். கல் ஓடப்போவதும் இல்லை.

அடுத்து, அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபத்தின் கூரையில் பழைய ஓவியங்கள். அனுமதி கிடைத்தாலும் பிளாஷ் போடக்கூடாது; அரை இருட்டு. இங்கே 2.8 வென்றுவிடும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் கூரையும் அசைவதில்லை. தூணில் முதுகைச் சாய்த்து மூச்சைப் பிடித்தால் பதினைந்தில் ஒரு விநாடி நடுங்காமல் வரும். நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள கிட் லென்ஸுக்கு மூச்சைக்கூடப் பிடிக்க வேண்டாம்.

ஆகவே வெயிலில் தேவையில்லை, கல்லுக்குத் தேவையில்லை, கூரைக்கும் கட்டாயமில்லை. குறைந்த ஒளியில் அசையும் பொருளுக்கே 2.8 இன்றியமையாதது என்பது பெறப்படும். இம்மாவட்டத்தில் குறைந்த ஒளியில் மனிதர்கள் இடைவிடாமல் அசையும் இடம் யாது?

6. களம் மூன்று: கல்யாண மண்டபம்

லென்ஸ் வந்த செய்தி பரவ விளம்பரம் தேவையில்லை. "தம்பி, உன்கிட்ட நல்ல கேமரா இருக்காமே? முகூர்த்தம் நாலரைக்கு. நீ ரெண்டு மணிக்கே வந்துடு." போட்டோகிராபர் தனியே வருகிறாரே என்றால், "அவரு எடுக்கறது ஆல்பத்துக்கு. நீ எடுக்கறது நமக்கு."

கருதுகோளின் முதற்பகுதி இவ்வாறு நிறுவப்பட்டது. இரண்டாம் பகுதிக்கு மறுபடி கணக்கு. சிறிய சென்சாரில், 50 மி.மீ., எஃப் 2.8, இரண்டு மீட்டர் தூரம்: முன்பின் சேர்த்துத் துல்லியமாக விழும் ஆழம் சுமார் 18 செ.மீ. மணமகள் அந்த ஆழத்துக்குள் அடங்கிவிடுவார். மாலையைச் சரிசெய்யக் கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நிற்கும் அத்தை அடங்கமாட்டார்.

விளைவு வாட்ஸ்அப் குழுவில் தெரியவரும்: "ஏண்டா, ஒனக்கு நான் என்ன பண்ணேன்? அவளுங்க எல்லாம் பளிச்சுனு இருக்காளுங்க, நான் மட்டும் பனிமூட்டத்துல நிக்கறேன்!" இது பேக்ரவுண்ட் பிளர், இதற்காகத்தான் இவ்வளவு காசு என்று விளக்குவது அறிவுடைமை ஆகாது. 'பேக்ரவுண்ட்' என்று சொன்னதே இரண்டாவது குற்றமாகிவிடும்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் மணமேடையில் 5.6-க்கு இறங்கி, ஐஎஸ்ஓவை ஏற்றி, அத்தையைக் காப்பாற்றுகிறார்கள். 2.8-க்குக் காசு கொடுத்தவர் 5.6-இல் படமெடுக்கிறார்.

7. தடையும் விடையும்

'இதற்கு ஃபிஃப்டி போதாதா? 50 மி.மீ., எஃப் 1.8, விலையும் குறைவு, எடையும் குறைவு' என்பாரும் உளர். ஒரு முகத்துக்குப் போதும். பாட்டி மடியில் பேரன் என்றால் அதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் ஒரே வரிசையில் நிற்கும்போதோ பின்னால் நகர்ந்துகொண்டே போய்ப் பந்திக் கூடத்துக்குள் நுழைந்துவிட நேரும்.

'கேமரா கம்பெனியின் சொந்த 2.8 லென்ஸ் வாங்கலாமே' என்பாருக்கு விடை எடையில் இருக்கிறது. கேனான் 17–55 எடை 645 கிராம், நிக்கான் 17–55 எடை 755 கிராம். 2006-இல் வந்த டாம்ரான் 17–50 சுமார் 435 கிராம்தான். 2021-இல் வந்த சிக்மா 18–50, மிரர்லெஸ் கேமராக்களுக்கு, 300 கிராமுக்கும் குறைவு. தீர்த்தமலைப் படியேறும்போது இந்த வேறுபாடு படிக்குப் படி விளங்கும்.

8. முடிவும் பரிந்துரையும்

சுற்றுலாவுக்கென்று வாங்கப்படும் அகலத் துவார ஸூம், உண்மையில் உறவினருக்கென்று வாங்கப்படுவதே. இதை ஒப்புக்கொண்டு வாங்குவோர்க்குச் சில சொற்கள்.

பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் செகண்ட் ஹேண்டில் டாம்ரான் 17–50 போதும். மிரர்லெஸ் என்றால் சிக்மா 18–50. ஃபுல் ஃப்ரேம் என்றால் டாம்ரான் 28–75. செகண்ட் ஹேண்டில் வாங்குகையில் செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை, விலை பேசாமல் எழுந்துவிடுங்கள். கீழ்நோக்கிப் பிடித்தால் ஸூம் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். இரு முனைகளிலும் 2.8-இல் ஒரு படம் எடுத்து, கண் இமை துல்லியமாக விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மிச்சப் பணத்தில் ஃபில்டரும் தண்ணீர் புகாத கவரும் வாங்குங்கள்.

எப்போது வாங்குவது என்பதே கடைசி வினா. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வாங்கினால் அன்றைக்கே பத்திரிகை வந்துவிடும். ஆடியில் வாங்குங்கள். ஆடியில் கல்யாணம் இல்லை. பெருக்குக்கு ஒகேனக்கல் இருக்கிறது. ஒரு மாதமாவது லென்ஸ் உங்களுடையதாக இருக்கும்.