காலும் ஓடும், கையும் நீளும்

தீபாவளி போனஸ் கணக்கில் விழுந்த இரண்டொரு நாளில் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். முதலில் ஒரு படம்: வியர்வையில் ஒட்டிக்கொண்ட பனியன் துணிச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவு மண்டபம். கீழே மூன்று பத்தி. ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடுகிறாராம், 42.195 கிலோமீட்டர், புற்றுநோயாளிகளுக்காக. உங்களால் இயன்றதைத் தரவேண்டுமாம். அதற்கும் கீழே பணம் கட்டும் இணைப்பு. டிக் இரண்டும் நீலமாகிவிட்ட பிறகு பார்க்கவில்லை என்று சாதிக்கவும் முடியாது.

அனுப்பியவர் போன வருஷம் வரை முதல் மாடிக்கே லிஃப்டில் போனவர். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் மேனேஜர், வயது நாற்பத்தைந்து பக்கம். உடம்புப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7க்கும் 6.4க்கும் நடுவில் இருந்தால் சர்க்கரை நோய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் "நடங்க" என்றார். நம் ஆள் ஓடத் தொடங்கினார். சொன்னதற்கு மேல் ஒரு படி செய்துதான் அவர் கம்பெனியில் மேனேஜர் ஆனதே.

தன் சர்க்கரைக்காக ஓடுகிறேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் அடிக்க எந்த வீட்டிலும் அனுமதி கிடைக்காது. புற்றுநோயாளிகளுக்காக என்றால் மனைவியும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுக்க வேண்டியதுதான். இது காரணத்தில் பாதி. அவருடைய சித்தி மார்பகப் புற்றுநோயில் போனவர். அதைச் செய்தியில் எழுதி, எழுதியதை அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அந்த அளவில் நம் ஆள் யோக்கியர்.

ஓட்டப் பயிற்சிக்கு ஊரில் கோச்சுகள் உண்டு. காசு கேட்கும் பயிற்சிக்கு யாரும் இல்லை. ஆயுளில் யாரிடமும் கைமாற்று வாங்காத மனிதர் முதல் பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறார். ஒரு மாதம் போனால் லிஃப்டில் மாட்டியவரை மூன்றாம் மாடிக்குள் முடித்துவிடும் திறமை வந்துவிடுகிறது. அரைகுறையாக நெளிகிறவர்களிடம் சரித்திரத்தை எடுத்து விடுவார்: 1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார், அதற்கே ஊரெல்லாம் கேட்க வேண்டியிருந்தது, அவருக்கு இல்லாத வெட்கம் எனக்கெதற்கு?

கொடுப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சொந்தக்காரர்கள் 501, 1,001 என்றுதான் போடுவார்கள்; ஆன்லைனில் கட்டினாலும் மொய்க்கு அந்த ஒரு ரூபாய் வேண்டும். ஆபீஸ் நண்பர் "80ஜி உண்டா?" என்று முதல் வேலையாகக் கேட்பார். உண்டு. ஆனால் அவர் புதிய வருமான வரித் திட்டத்துக்கு மாறி வருஷமாகிறது. அதில் 80ஜி கழிவே கிடையாது. கேட்டு வைப்பது ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி கும்பகோணத்திலிருந்து போன் போடுவாள்.

"ஏன்டா, நேர்ந்துக்கிட்டியா?"

"இல்ல அத்தை. ஓடினா காசு தருவாங்க."

"ஓடலைன்னா?"

"அப்பவும் தரலாம்."

"அப்ப ஏன்டா ஓடுற?"

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு மோர் ஊற்றி வளர்ந்த அத்தைக்கு ஊர் நடப்பது புரியும். கால் வலிக்கு ரசீது போடுவதுதான் புரியாது. வீட்டில் மனைவி வேறு கணக்கு வைத்திருக்கிறாள். ஷூ, ஜிபிஎஸ் வாட்ச், ஜெல் பாக்கெட், முட்டிக்கு பிசியோதெரபி எல்லாம் சேர்த்தால் ஐந்து இலக்கம் தாண்டுகிறது. அதை நேராகக் கொடுத்திருக்கலாமே என்பது அவள் வாதம். கொடுத்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்கும் மேனேஜரை நம்பி இருநூறு பேர் பணம் போடமாட்டார்கள். கஷ்டப்படுகிற மேனேஜர் என்றால் போடுவார்கள். அவர் மேனேஜராக இருக்கும் டீமில் இது இன்னும் வேகமாக நடக்கிறது.

இந்த வழியை உலகத்துக்குப் பெரிதாகக் காட்டியவர் டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில், 21 வயதில், செயற்கைக் காலோடு அந்த நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினார். கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் வேண்டும் என்பது கோரிக்கை. ஏறக்குறைய தினம் ஒரு மாரத்தானாக 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவி, நடுவழியில் நின்றார். 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. நாட்டின் ஜனத்தொகையும் அவ்வளவுதான். ஜூனில் இறந்தார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் ஓடுகிறார்கள். நம் ஆள் அலமாரியில் அவர் படம் இருக்கிறது. முட்டி வலிக்கிறது என்று அந்த அறையில் மட்டும் சொல்லமாட்டார்.

சரி, பணம் எங்கே போகிறது? ஆராய்ச்சிக்கு அல்ல. கதிர்வீச்சுச் சிகிச்சை பலருக்கு வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் நடக்கும். மெஷினுக்கு அடியில் தினமும் சில நிமிடம்தான். அதற்காக ஆஸ்பத்திரியில் படுக்கை தரமாட்டார்கள், தேவையும் இல்லை. ஆனால் திருவண்ணாமலையிலிருந்தோ தென்காசியிலிருந்தோ வந்தவர் மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் எங்கே இருப்பது? சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூட வருபவருக்கு 75 சதவீதம். எழும்பூர் வரை ரயில்வே கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கப்புறம் லாட்ஜ் வாடகை, ஆட்டோ, இரண்டு வேளைச் சாப்பாடு. நம் ஆள் பணம் திரட்டும் அமைப்பு பார்த்துக்கொள்வது இந்த எழும்பூருக்குப் பிறகான சென்னையை.

ஓட்ட நாள். இன்னும் இருட்டு விலகாத நேப்பியர் பாலத்தருகே காற்றில் கடல் வாசனையை அமுக்கிக்கொண்டு வலி ஸ்பிரே வாசனை. நெஞ்சில் நம்பர் அட்டையை நாலு ஊக்கால் குத்தியிருக்கிறார். சட்டை உரசி ரத்தம் வராமலிருக்க உள்ளே இரண்டு பிளாஸ்திரி. அட்டைக்குக் கீழே நன்கொடை தந்தவர்கள் பெயரை மார்க்கரில் எழுதிய துணி. ஆயிரத்துக்கு மேல் தந்தவர்கள் மட்டும், இடம் போதவில்லை. 20 கிலோமீட்டர் வரை போட்டோவுக்குச் சிரிப்பு. 32க்கு மேல் உடம்பில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் தீர்ந்து, உப்பு தொட்ட ஆரஞ்சுச் சுளையை நீட்டும் கல்லூரிப் பெண்ணை 'அம்மா' என்று கூப்பிடுகிறார். வியர்வையில் மார்க்கர் மை கரைந்து, கொடையாளர்கள் எல்லாரும் ஒரே நீலத் திட்டாகிவிட்டார்கள். ஐந்தரை மணி நேரத்தில் முடித்தார். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அதையும் படமெடுத்துக் குரூப்பில் போட்டார்.

தொகையை ஒப்படைக்கப் போன இடத்தில், மருமகளைச் சிகிச்சைக்குக் கூட்டிவந்திருந்த ஓர் ஆயா விவரம் கேட்டாள். சொன்னார்.

"அது ஸ்ரீபெரும்புதூர் தூரமில்ல தம்பி? பஸ்ஸு ஓடலியா அன்னிக்கு?"

மார்ச்சில் ரசீது கேட்டு போன்கள் வந்தன. கூடவே வேறொரு வகைச் செய்தியும். அக்கவுன்ட்ஸ் பிரிவு அம்மணி டயாலிசிஸ் நோயாளிகளுக்காகப் புதுச்சேரி வரை சைக்கிள் மிதிக்கிறாராம். நம் ஆள் எக்செல் ஷீட்டைத் திறந்து அவர் பெயரைத் தேடினார்: 2,001. அதையே அனுப்பினார், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உடனே பதில் வந்தது: "ரொம்ப நன்றி சார். 80ஜி ரசீதுக்கு பான் நம்பர் அனுப்புங்க."