கடலுக்கு 300 சவுக்கடி

சரித்திரம் படிக்கணும், நல்ல புஸ்தகமாச் சொல்லுங்க தாத்தான்னு கேக்குறியே, படிக்கத்தானேடா பேராண்டி? அலமாரியில அடுக்கத்தான்னா கிப்பன் எழுதின ரோமாபுரி வீழ்ச்சி இருக்கு. ஆறு வால்யூம். வரிசையா நிறுத்தினா சம்பந்தி வீட்டார் அசந்து போவாங்க. உள்ள பிரிக்கவே வேண்டாம்.

படிக்கத்தான்னா ஹெரோடோட்டஸ்கிட்ட போ. 2,400 வருசத்துக்கு முந்தின கிரேக்கர். பாரசீக ராஜா செர்க்ஸஸ் படையெடுத்துப் போறப்ப, ஜலசந்தியில கட்டின பாலத்தைப் புயல் அடிச்சுட்டுப் போயிருச்சு. ராஜா என்ன பண்ணினாராம்? கடலுக்கு 300 சவுக்கடி! விலங்கு ஒரு ஜோடியும் தண்ணிக்குள்ள போட்டாச்சு. பாலம் கட்டினவங்களுக்குத் தலை போச்சு. இதைப் படிச்சா உன் மேனேஜர் மேல உனக்குத் திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வரும்.

இந்த மனுசன் கேட்டதையெல்லாம் எழுதுவார். நம்பலைன்னா நம்பலைன்னும் எழுதுவார். ஆப்பிரிக்காவைச் சுத்தி வந்த பினீசியா மாலுமிங்க, போற வழியில சூரியன் எங்க வலக்கைப் பக்கம் நின்னுச்சுன்னாங்களாம். இதை மட்டும் நான் ஏத்துக்கமாட்டேன்னுட்டார். ஆனா அந்தத் தெற்குக் கோடியில மேக்க பாத்துப் போற கப்பலுக்குச் சூரியன் வடக்க, வலப்பக்கந்தானே நிக்கும்? அவர் தள்ளின சங்கதியே, மாலுமிங்க நெசமாத்தான் போயிருப்பாங்கன்னு இன்னைக்குச் சாட்சி சொல்லுது. வாட்ஸ்அப்ல வந்ததை வந்த சூட்டோட நாலு பேருக்குத் தள்ளிவிடுறியே, என்னைக்காவது 'எனக்கு நம்பிக்கையில்லை'ன்னு ஒரு வரி சேத்திருக்கியா?

அடுத்தவர் துசிடிடிஸ், சிரிக்கவே மாட்டார். சண்டையில தளபதியாப் போயி ஆம்பிபொலிஸ் நகரத்தைக் கோட்டை விட்டவருக்கு ஏதன்ஸை விட்டு 20 வருசம் விலக்கு. அதனாலதான் எதிராளி பக்கத்துச் சேதியும் அவருக்குச் சிக்கிச்சு. அவர் புஸ்தகம் பாதியில நிக்கும். பாதியில நிறுத்துறதுல நீயும் சூரன்தான். என்ன, அவர் எழுதுறதை நிறுத்தினார்.

தமிழ்லயே வேணும்னா புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சு துரைக்குத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-ல தொடங்கி 1761 வரைக்கும் எழுதினவர். வரலாறு எழுதணும்னு உக்காந்தவர் இல்லை. துரையம்மா மேல அவருக்கு இருந்த கடுப்பைப் படிக்கணுமே, ஆகா!

எல்லாத்தையும் வாங்கிட்டு வா. முதல்ல இங்க குடு. உனக்கு ஒத்துக்குமான்னு ஒரு வருசம் நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன்.