சாம்பல் சத்தும் நெஞ்சுத் துடிப்பும்

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டுமா?
– கல்லூரி மாணவி, வளையப்பட்டி

வேண்டாம். இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் 1907-ல் அதை அடையாளம் காட்டினார்கள். மின்துடிப்பைத் தானே எழுப்பிக்கொள்ளும். இதற்கு இதய மாற்றுச் சிகிச்சையே சாட்சி. 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தார்கள். இந்தச் சிகிச்சையில் ரத்தக் குழாய்களைத்தான் தைத்து இணைப்பார்கள். நரம்புகள் அறுந்தபடியே இருக்கும். ஆனாலும் புது இதயம் துடிக்கும், அதுவும் நிமிடத்துக்கு 100-ஐ ஒட்டி! நமக்கு 70, 80 என்று இருப்பதற்கு வேகஸ் நரம்புதான் காரணம். ராத்திரி பகலாகக் கடிவாளத்தைப் பிடித்திருப்பது அதுதான்.

மார்கழியில காவிரியில முங்குனா படபடப்பு அடங்குதே, ஏனுங்க?
– வாசகர், மோகனூர்

முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு, மூச்சையும் அடக்கினால் வேகஸ் விழித்துக்கொள்ளும். அது என்ன செய்கிறது என்பதை 1921-ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் கண்டுபிடித்தார். ஒன்றின் வேகஸைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் தளர்ந்தது! நரம்பு சுரந்த அசிட்டைல்கோலின் செய்த வேலை. அது கணுவின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியே போகப்போக, அடுத்த துடிப்பு எழத் தாமதமாகும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதற்கு நேர் எதிர். படபடப்பு அடிக்கடி வந்தால் ஆற்றை நம்பி இருக்காதீர்கள். ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

வாழைக்கு மூட்டை மூட்டையாப் பொட்டாஷ் போடறோம். நான் தினமும் நாலு பழம் தின்கிறேன். இதயத்துக்கு ஆகாதா?
– வாழை விவசாயி, மோகனூர்

சிறுநீரகம் நன்றாக இருந்தால் தாராளமாகத் தின்னுங்கள். நடுத்தரப் பழம் ஒன்றில் 400 மில்லிகிராமை ஒட்டிப் பொட்டாசியம் உண்டு. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நீங்கள் தோப்புக்குப் போடும் சாம்பல் சத்தும் இதே பொட்டாசியம்தான். உடம்பில் இருப்பதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் மட்டும். அந்தச் சின்ன அளவு பிசகினால் இதயம் தாங்காது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் என் கவலையெல்லாம். எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். அப்படி மிகவும் ஏறிவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும்: சைனஸ் கணு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதை வாங்க வேண்டிய மேலறைத் தசை மரத்துப்போகும். பிறகு துடிப்பு தளர்ந்து, நின்றும் போகலாம். கொடுமை என்னவென்றால், அதுவரை உடம்பு ஒன்றுமே சொல்லாமல் இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சிறுநீரக நோயாளியைப் பார்க்கப் போகும்போது அன்பாக இளநீரும் வாழைச் சீப்பும் வாங்கிப் போகாதீர்கள்!

மருத்துவமனையில் முதலில் கால்சியம் ஊசி போடுவார்கள். பொட்டாசியம் குறையாவிட்டாலும் இதயத் தசை பிழைத்துக்கொள்ளும். இதயத்துக்கு இந்த இரண்டு உப்புகளும் அளவோடு வேண்டும் என்று 1880-களில் லண்டனில் கண்டறிந்தவர் சிட்னி ரிங்கர். வயிற்றுப்போக்கில் ஏற்றுகிறார்களே ரிங்கர் லாக்டேட், அது அவர் பெயரில் வந்த பாட்டில்தான். வயிற்றுப்போக்கு பொட்டாசியத்தை அடித்துக்கொண்டு போய்விடும். குறைந்தாலும் துடிப்பு தாறுமாறாகும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ எல்லோருக்கும் நல்லதா?
– வாசகி, நாமக்கல்

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது உதவலாம். வீட்டில் யாருக்காவது ரத்தத்தில் கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால், மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.