எபேசு அதிகாரம்: வண்டியியல்

கரைசேர் கலத்தின் இழிந்துசெல் பயணி
காண்பது சிதைவே, கருதுவது கடிகை.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், காலையில் ஒரு துறையைப் பிடித்து மாலையில் விட்டுவிடும் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்கி, கப்பல்காரர்கள் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை ஒதுக்கிவிட்டு, தாமே வண்டி பேசிக்கொண்டு போய்ப் பழைய இடிபாடு ஒன்றைப் பார்த்துத் திரும்ப நினைப்பவரின் மனநிலை உணர்த்துதல் நுதலிற்று. ‘கடிகை’ என்றது கைக்கடிகாரத்தை. கைபேசி எனினும் அமையும். அமையாத இடமும் உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

இடிபாடுகளும் துறைகளும் உலகில் பல. கிரேக்கத்தின் கதகோலோவில் இறங்கி ஒலிம்பியா போவாரும், நேப்பிள்ஸில் இறங்கி பாம்பேய் போவாரும் உளர். நேப்பிள்ஸ் மரபினரை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை. அங்கே ரயில் இருக்கிறது. ரயில் இருக்கும் இடத்தில் பேரம் இல்லை; பேரம் இல்லாத இடத்தில் உரையாசிரியனுக்கு வேலை இல்லை. ஆகவே துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள குஷாடசித் துறையும், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், செல்சுக் என்ற சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் எபேசு நகரமுமே இவ்வதிகாரத்தின் எல்லை.

முதலில் ஓர் ஐயம். எபேசு துறைமுக நகரம். பயணியும் துறைமுகத்தில்தான் இறங்குகிறார். பிறகு எதற்கு டாக்சி?

நியாயமான ஐயம்தான். ரோமானியர் காலத்தில் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. கப்பல் நகரத்தின் வாசலிலேயே நின்றது. துறையிலிருந்து பெரிய அரங்கம் வரை அரை கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண் வரிசைகளோடு ஒரு பளிங்குச் சாலை. அதை ஆர்க்காடியஸ் பேரரசர் காலத்தில் புதுப்பித்து, இரவில் விளக்கும் ஏற்றினார்கள். ஐந்தாம் நூற்றாண்டுப் பயணி ஒருவர் நடுராத்திரியில் இறங்கினாலும் பத்து நிமிட நடையில் ஊருக்குள் இருப்பார். யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. ஆசியா மாகாணத்துக்கு வரும் ரோமானிய ஆளுநர் கடல்வழியாகத்தான் வர வேண்டும், முதலில் எபேசுவில்தான் கால் வைக்க வேண்டும் என்று காரகல்லா பேரரசர் ஆணையிட்டிருந்ததைச் சட்ட அறிஞர் உல்பியன் பதிவு செய்திருக்கிறார். கப்பல் நிறுத்தம் ஒன்றைச் சட்டம் போட்டே கட்டாயமாக்கிய ஊர் அது. அந்த ஆளுநர்களில் எவரும் வண்டிக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்டதாகக் குறிப்பில்லை.

கெடுத்தது ஆறு. கேஸ்டர் என்று கிரேக்கரும், குச்சுக் மெந்தெரெஸ் என்று துருக்கியரும் அழைக்கும் அந்த ஆறு, மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலைத் துறைமுகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. இதைத் தடுக்கப் பெர்காமத்து மன்னர் இரண்டாம் அட்டாலஸ் ஒரு யோசனை செய்தார். துறைவாயைக் குறுக்கி அணை கட்டினால் ஆழம் கூடும், பெரிய சரக்குக் கப்பல்களும் உள்ளே வரும் என்பது கணக்கு. கட்டினார்கள். அதுவரை கடல் ஏறி இறங்கும்போது வெளியே அடித்துச் சென்ற வண்டலும் இப்போது உள்ளேயே தங்கிவிட்டது. துறை முன்னைவிட ஆழம் குறைந்ததைப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார். பிறகு நீரோ காலத்தில் பாரியா சொரானஸ் என்ற ஆளுநர் தூர் வாரினார்; ஹேட்ரியன் ஆற்றையே திருப்பிவிடப் பார்த்தார். ஆறு யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. இப்போது கடல் பல கிலோமீட்டர் மேற்கே போய்விட்டது; பழைய துறை நாணல் மண்டிய சதுப்பு. ஆக, குஷாடசி டாக்சி நிலையத்தில் வரிசை கட்டி நிற்கும் அத்தனை மஞ்சள் வண்டிகளுக்கும் முதல் புரவலர் இரண்டாம் அட்டாலஸே என்பது இவ்வாய்வின் முதல் முடிபு. அவருக்கு அங்கே ஒரு படமாவது மாட்டியிருக்கலாம்.

அஃதேல், கப்பல்காரரே பேருந்து வைத்திருக்க, தனி வண்டி எதற்கு எனின், அங்கேதான் பொருளாதாரம் வருகிறது. கப்பல்காரர் விற்பது பேருந்து இருக்கை அன்று, உத்தரவாதம். அவர் அனுப்பிய பேருந்து நடுவழியில் பழுதானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனி வண்டியில் போனவருக்காகக் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு வழக்கமாக அரை மணி முன்னதாக எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். பிந்தினால் கப்பலில் ஏறும் பாலத்தை எடுத்துவிடுவார்கள். அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். மேல்தளத்தில் ஒரு கூட்டம், கையில் கோப்பையோடு, துறைமேடையில் ஓடிவருபவர்களைப் பார்க்கவென்றே மாலையில் கூடும். ஓடுபவர் ஏறிவிட்டால் கைதட்டுவார்கள், ஏறாவிட்டாலும் கைதட்டுவார்கள்.

தனி வண்டி பேசுபவர் சொல்லும் காரணம் பணம். நான் இதை முழுக்க ஏற்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு டாக்சி எடுத்தால் மிச்சம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தனியாகப் போகிற ஒருவர், டாக்சிக்கு முழுக்கூலி கொடுத்துவிட்டு, அதையும் மிச்சம் என்று கணக்குச் சொல்வதைக் காண்கிறோம். அவர் வாங்குவது வேறு. இரவு உணவு மேசையில், பேருந்தில் போன நாற்பது பேர் நடுவே, ‘நாங்களே வண்டி வச்சுப் போயிட்டு வந்துட்டோம்’ என்று சொல்லும் உரிமை. அதற்கு விலை நிர்ணயம் செய்வது கடினம்.

இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் வகைக்கு ஒரே ஒரு சான்றுதான் உண்டு. பவுல் அப்போஸ்தலர் கடைசியாக அந்தக் கரை வழியே கப்பலில் போனபோது, பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் சேர வேண்டிய அவசரம். எபேசுவில் இறங்கினால் நேரமாகிவிடும் என்று தாண்டிப் போய், தெற்கே மிலேத்துவில் கப்பல் நின்றபோது ஆளனுப்பி, எபேசுவின் மூப்பர்களை அங்கே வரவழைத்துப் பேசினார். கப்பல் நிறுத்தத்தில் வண்டி பிடிக்காமலே எபேசுவைப் பார்த்தவர் அவர் ஒருவரே. ஊரையே துறைக்கு வரச்செய்த இந்த முறை, பார்க்க வேண்டியவை கல்லாக இருக்கும்போது செல்லாது என்பதால், மேலும் ஆராயப்படவில்லை.

இனி வண்டி வகை. துறையை விட்டு வெளியேற வேண்டுமானால் கடைத்தெருவின் ஊடாகத்தான் போக வேண்டும். வேறு வாசல் தேடுவது வீண். வாசலில் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையோடு ஒருவர் நிற்பார். அட்டையின் ஒரு பக்கம் செல்சஸ் நூலகத்தின் முகப்பு. மறுபக்கம் விலை, யூரோவில். எபேசு மட்டும் என்றால் ஒரு தொகை, மலைமேல் உள்ள மரியன்னை வீட்டையும் சேர்த்தால் இன்னொன்று. அவர் விரல் எப்போதும் இரண்டாவது தொகையின்மேல்தான் இருக்கும். முதலாவதைத் தொட்டுக் காட்டச் சொன்னால் அட்டையைத் திருப்பி நூலகத்தைக் காட்டுவார்.

ஊருக்குள் கொஞ்சம் நடந்தால் டோல்முஷ் எனும் மினிபஸ் கிடைக்கும். நம் ஷேர் ஆட்டோவின் குணம்: ஆள் சேரச் சேரத்தான் அதற்கு வேகம் பிறக்கும். கூலி மிகக் குறைவு. ஆனால் அது செல்சுக் போகிற வழியில், எபேசு பிரியும் சாலை முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கீழ்வாசலுக்கு வெயிலில் நடை. இங்கேதான் இந்த ஆய்வின் நடுநாயகமான நூற்பா வருகிறது:

மேல்வாய் இறக்கிக் கீழ்வாய் ஏற்றுதல்
வண்டிக்கு உரிய மரபா கும்மே.

எபேசு மலைச்சரிவில் கிடக்கும் நகரம். அதற்கு இரண்டு வாசல். மேல்வாசலில் நுழைந்தால் பளிங்குத் தெருவில் இறக்கம். வழியில் ஹேட்ரியன் கோயில், பொதுக் கழிப்பிடம், தனி டிக்கெட் கேட்கும் சரிவு வீடுகள், 1970களில் ஆஸ்திரிய அகழ்வாளர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கி மறுபடி நிறுத்திய நூலக முகப்பு, அப்புறம் அரங்கம், அப்புறம் கீழ்வாசல். கீழ்வாசலில் நுழைந்தவர் இதே வழியை மூச்சு வாங்க ஏறி, ஏறியதை மறுபடி இறங்க வேண்டும். டோல்முஷ்ஷில் மிச்சம் பிடித்த காசை முழங்கால் வசூலித்துவிடும். மேலே இறக்கிவிட்டுவிட்டு, சுற்றுவழியில் வந்து கீழே காத்திருக்க ஒரு தனி வண்டி வேண்டும் என்பதே டாக்சித் தரப்பின் முழு வாதமும்.

இது இக்காலத்து ஓட்டுநர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று ஒருசாரார் கூறுவர். அது பொருந்தாது. கி.பி. 104இல் கயஸ் விபியஸ் சலூட்டாரிஸ் என்ற எபேசுச் செல்வர் ஓர் அறக்கட்டளை நிறுவினார். பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சிலைகளைக் குறித்த நாட்களில் ஆர்ட்டெமிஸ் கோயிலிலிருந்து ஊர்வலமாக எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. வழியைக் கல்லிலேயே வெட்டிவைத்தார். கோயில் ஆட்கள் கொண்டுவரும் சிலைகளை மக்னீசிய வாசலில் இளைஞர்கள் எதிர்கொள்வார்கள். ஊருக்குள் இறங்கி அரங்கத்துக்கு வந்து, கொரேசிய வாசல் வரை உடன் போய் வழியனுப்புவார்கள். மக்னீசிய வாசல் எங்கே? இன்றைய மேல்வாசலின் பக்கத்தில். கொரேசிய வாசல்? கீழே, அரங்கத்துக்கு வடக்கே. மேலே ஒப்படைத்துக் கீழே பெற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தின் மிகப் பழைய சாசனம் இதுவே என்று துணிகிறேன். டாக்சி ஓட்டுநர்கள் சலூட்டாரிஸின் நேரடிச் சீடர்கள்.

இச்சாசனத்தால் வழி கண்டுபிடித்தவர் பயணி மட்டுமல்லர். ரயில் நிலையங்கள் கட்ட வந்த ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர், உலக அதிசயம் ஏழில் ஒன்றான ஆர்ட்டெமிஸ் கோயிலைத் தேடி 1863இலிருந்து குழி தோண்டிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. அரங்கத்தில் இந்தக் கல்வெட்டு அகப்பட்டது. மக்னீசிய வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஊர்வலப் பாதையைப் பிடித்துக்கொண்டே போய், 1869 டிசம்பர் 31 அன்று வண்டலுக்கடியில் கோயிலின் தளத்தைத் தொட்டார். போக்குவரத்து ஏற்பாடு ஒன்றைப் படித்தே பேரதிசயம் ஒன்றைக் கண்டெடுத்த ஒரே அகழ்வாய்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்று அங்கே துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் நிற்கிறது; அதன் தலையில் நாரை கூடு கட்டும். ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தாமலே அதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போவார்கள். கேட்டால்தான் நிறுத்துவார்கள்.

உள்ளே எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரம் என்பது துறைமுக வழக்கு. இதற்கும் பழஞ்சான்று உண்டு. பவுலின் போதனையால் ஆர்ட்டெமிஸின் வெள்ளிச் சிறுகோயில்கள் விலைபோகாமல் கெடும் என்று தட்டார்கள் கிளப்பிவிட, ஊரே அந்த அரங்கத்துக்குள் புகுந்து தேவியின் பேர்சொல்லிக் கத்தியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. நினைவுப்பொருள் வியாபாரம் அங்கே அன்றே எவ்வளவு தீவிரம் என்பதும் இதனால் பெறப்படும். அதன் இன்றைய வடிவம் கம்பளக் கடை. திரும்பும் வழியில் ‘சும்மா ஒரு டீ’ என்று வண்டி ஒரு கட்டடத்தின் முன் நிற்கும். உள்ளே ஒரு பெண் தறியில் முடிச்சுப் போட்டுக் காட்டுவார், நான்கு பேர் கம்பளங்களை விசிறி விசிறி விரிப்பார்கள். ஆப்பிள் டீ உண்மையிலேயே நன்றாக இருக்கும். கப்பல் பேருந்தும் இங்கே நிற்கும் என்பதால், கடையில் இரு தரப்பினரும் சந்தித்துக்கொள்வார்கள். தனி வண்டிக்காரர் தலை குனிய வேண்டிய ஒரே இடம் அது.

கைபேசி அமையாத இடம் பற்றி முன்பு சொன்னோம். துருக்கி 2016 முதல் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கிரேக்கம் அக்டோபர் கடைசியில் ஒரு மணி பின்வைக்கும். கோடையில் தொல்லை இல்லை. நவம்பரில் கிரேக்கத் தீவுகளிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே வைத்திருந்தால், பயணியின் சட்டைப்பையில் இரண்டு நேரம் ஓடும். கைக்கடிகாரம் கப்பலைச் சொல்லும், கைபேசி கரையைச் சொல்லும். ‘இரண்டு மணிக்குக் கீழ்வாசலில்’ என்று பேசி முடித்தால் ஓட்டுநர் தம் இரண்டு மணிக்கு வந்து நிற்பார். பயணியின் கையில் அப்போது ஒன்று. எந்த இரண்டு என்று கேட்டுக்கொள்ளாதவர் காத்திருப்புக் கட்டணம் கட்டுவர்.

இறுதியாகக் கூலி. மேல்வாசலில் இறங்கும்போதே பாதியைக் கொடுப்பது ஒரு மதம். துறைக்குத் திரும்பிய பின் முழுவதும் கொடுப்பது மற்றொரு மதம். முதல் மதத்தார், ஓட்டுநர் மனம் குளிரும் என்பர். குளிர்ந்த மனத்தோடு அவர் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போகவும் கூடும். இங்கும் சலூட்டாரிஸே பிரமாணம். அவர் அறிவித்த 20,000 தெனாரியஸ் முதலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் வட்டியைத் தருவதாகத்தான் ஊர்வலத்தை நடத்த ஏற்பாடு செய்தார். எனவே கூலியின் முதல் துறைக்குத் திரும்பிய பின்தான். காத்திருப்புக் கட்டணம் அந்த முதலில் அடங்குமா, தனி வட்டியா என்று ஓட்டுநர் துறைமுக வாசலில் வைத்து ஆரம்பித்தால், பாலத்தை எடுக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்க. நேரம் இருந்தால் வாதிடுக. இல்லையேல் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடுக.