முகாம் திணை: ஏழு நாள் சிறப்பு முகாமில் பொறுப்பு பிறக்கும் முறை

ஆய்வின் தேவை

மரவள்ளிக்கிழங்கை ஆராய ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோழியை ஆராய நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாம்பார் வாளியை யார் தூக்குவது என்பதை ஆராய மட்டும் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒரு திண்ணைகூட இல்லை. அக்குறை நீங்கவே இக்கட்டுரை.

எல்லை

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது இத்திட்டம். சேர்ந்தவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றுக்கும் போய்வர வேண்டும். நூறு பேர் கொண்ட அணியில் பாதிப்பேர் மூட்டை கட்டுவார்கள். சின்னத்தில் இருப்பது கொனார்க் கோயில் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் தயார் என்பதைக் குறிக்கும். காலை ஐந்தரை மணிக்கு விசில் ஊதிப் பார்த்தவர்கள் இப்பொருளை ஏற்பதில்லை. நமது களம் இராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு பக்கத்துச் சமவெளி ஊர்கள்.

முதல், கரு, உரி

திணை என்றால் மூன்று பொருளும் சொல்லியாக வேண்டும். முதற்பொருள்: நிலம் ஊராட்சிப் பள்ளியும் அதன் ஒற்றைக் குழாயும்; பொழுது மாசி பங்குனி வெயில். கருப்பொருளில் உணவு ரவை உப்புமா; மரம் சீமைக்கருவேலம்; விலங்கு, நட்ட கன்றை நள்ளிரவில் பார்வையிட வரும் வெள்ளாடு; பறை, காலித் தட்டில் தட்டப்படும் டம்ளர். உரிப்பொருள், டீ வரும்வரை இருத்தலும் இருத்தல் நிமித்தமும்.

முன்னோர் கண்ட வழி

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சாரணர் முகாம் நடத்தியபோது பையன்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் அணி பிரித்து, அணிக்கொரு தலைவனை வைத்தார். அவ்வளவுதான் நிர்வாகம். நம் மண்ணிலும் மூத்த சான்று உண்டு. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்தார். பின்னாளில் கல்கி என்று பெயர் பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அங்கே போய்ச் சேர்ந்தார். மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய 'விமோசனம்' இதழில் அவருக்கு வேலை. எழுதத் தெரிந்தவருக்கு எழுத்து வேலை!

பிற்கால முகாம்கள் இந்த ஆபத்தான முன்மாதிரியைக் கவனமாகத் தவிர்த்துவிட்டன. விடுதியில் ஐம்பது பேருக்குக் குழம்பு கொதிக்க வைத்த பெண் வரவேற்புக் குழுவில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பாள். வெங்காயத்தைத் தோலோடு நறுக்குபவன் உணவுக் குழுத் தலைவன்.

விதிகள்

முதல் விதி: குழுப் பட்டியலில் பெயர் மேலே ஏற ஏறக் கையில் மண் குறையும். இதைத் தொடக்க விழாவிலேயே மெய்ப்பிக்கலாம். சிறப்பு விருந்தினர் வேப்பங்கன்று நட ஒரு குழி வேண்டும். வெட்டியவன் முதல் நாள் சாயங்காலமே வெட்டிவிட்டான். மண் இறுகிக் கிடந்ததால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து வெட்டினான். மறுநாள் விருந்தினர் கை வைக்க, தலைவர் கை வைக்க, செயலர் கை வைக்க, ஒரு சாண் கன்றை ஒன்பது பேர் தூக்கி நிறுத்துவார்கள். வெட்டியவனைப் படத்தில் தேட வேண்டாம். கருவேல முள்ளை வெட்டி, ஆடு நுழையாதபடி வேலி கட்ட இழுத்துக்கொண்டு வருகிறான். படத்தின் ஓரத்தில் தெரியும் முள் அவனுடையது.

இரண்டாம் விதி: பொறுப்பை யாரும் கொடுப்பதில்லை, அந்த நேரத்தில் அங்கே நின்றவன் தலையில் அது விழும். 'நான் அல்ல, நீ' என்பது இத்திட்டத்தின் குறிக்கோள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, அடிப்பிடித்த அண்டாவைக் காட்டித் திட்ட அலுவலர் "யாருப்பா தேய்க்கறது?" என்று கேட்கும்போதுதான் அக்குறிக்கோள் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐம்பது பேரும் ஒரே குரலில், "நான் இல்லீங்க சார், அவன்." சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்க முடியாதவனே அந்த அவன்.

மூன்றாம் விதி: ஒருமுறை செய்தவனுக்கு அது ஏழு நாளும் நிரந்தரம். சான்று, முட்டைச் சிக்கல். பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு அட்டை முட்டை அனுப்புகிறார் என்று கொள்வோம். அட்டைக்கு 30, ஆக 60. முகாமில் 50 பேர், திட்ட அலுவலரோடு 51. மிச்சம் 9 இருக்க வேண்டும். கடைசிப் பந்தியில் நான்கு பேருக்கு முட்டை இல்லை. ஆகக் காணாமல் போனவை 13. இதில் உரிக்கும்போது பிய்ந்ததை உரிப்பவரே உண்பது மரபு என்பர் ஒரு சாரார். பிய்வதற்காகவே உரிக்கப்பட்டவை அவை என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் அன்று முட்டை உரித்தவன் அதன்பின் கடலை உரிப்பான், பூண்டு உரிப்பான், விழா முடிந்ததும் சுவரில் ஒட்டிய பேனரையும் அவனே உரிப்பான்.

பட்டியலில் இல்லாத பதவிகள்

குழுப் பட்டியலில் காணாத மூன்று பதவிகள் எல்லா முகாமிலும் உண்டு. ஒன்று, மாத்திரைப் பெட்டி அக்கா: சேஃப்டி பின், விக்ஸ், தலைவலி மாத்திரை, வீட்டு ஞாபகம் வந்து அழுபவருக்கு ஒரு கடலை மிட்டாய் எல்லாம் அவர் பையில்தான். இரண்டு, கரண்டிக் கணக்கன்: வாடகைப் பாத்திரக் கடைக்கு அண்டா, வாளி, கரண்டியை எண்ணித் திருப்புபவன், இவனுக்கு மட்டும் ஏழாம் நாள் ராத்திரி தூக்கம் வராது. மூன்று, ஊர்ப்பேச்சுக்காரன்: மோட்டார் ஓடாத காலையில் வீட்டு வாசலில் நின்று, "ஆயா, ரெண்டு கொடம் தண்ணி எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பவன். மைக்கில் 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று முழங்கியவருக்குக் கிடைக்காத தண்ணீர் இவனுக்குக் கிடைக்கும். கூடவே ஒரு சொம்பு மோரும்.

முடிவும் பரிந்துரையும்

நிறைவு விழாவில் கேடயம் தலைவருக்கு, பொன்னாடை விருந்தினருக்கு, சான்றிதழ் எல்லோருக்கும். எனவே எது பதவி, எது வேலை என்பதை மேடையை வைத்து அளக்க முடியாது. அளக்கும் கருவி ஊரில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வேறு ஐம்பது பேர் போய் இறங்கும்போது பள்ளிக்கு எதிர்வீட்டு ஆயா கேட்பார்: "ஏங்கண்ணு, போன வருசம் வாளி தூக்கிட்டுச் சோறு போட்டானே, அந்தத் தம்பி வல்லியா?" தலைவர் யார் என்று அவர் கேட்டதாகக் குறிப்பில்லை.

ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது ஒன்றே: இனி குழுப் பட்டியலை முதல் நாள் தட்டச்சு செய்யாமல் ஏழாம் நாள், அந்த ஆயாவைக் கேட்டுத் தட்டச்சு செய்க. திட்ட அலுவலர்கள் இதைக் கொள்கையளவில் ஏற்று, நடைமுறைப்படுத்த ஒரு குழு அமைக்கக்கூடும். அக்குழுவுக்குத் தலைவராக வெங்காயத்தைத் தோலோடு நறுக்கியவரை முன்மொழிகிறேன், அனுபவம் உள்ளவர்.