முங்குறது பெருசில்லலே!

ஏலே பேராண்டி, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு அந்தமானுக்குப் போயி கடலுக்குள்ள முங்கப் போறியாமே? சந்தோசம். ஊர்ப் பயலுவ எல்லாம் கிணத்துல குதிக்கையில, படிக்கட்டுல உக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிட்ட வீரனாச்சே நீ! காசு கட்டினாத்தான் தண்ணிக்குள்ள எறங்குவேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, கிணத்தடியிலயே ஒரு உண்டியல் வச்சிருப்பேன்.

சரி, கேட்டுக்கோ. அந்தமான்ல இருக்கிற ஹேவ்லாக் தீவுக்கு 2018-ல சுவராஜ் தீவுன்னு பேரு மாத்தியாச்சு. அங்க ரெண்டு விதமா முங்கலாம். ஒண்ணு, போட்டோவுக்கு முங்குறது. வாத்தியார் உன் முதுகுச் சிலிண்டரைப் பிடிச்ச பிடி விடாமக் கூட்டிட்டுப் போயி, நீமோ ரீஃப்ல நாலு மீனைக் காட்டி, வீடியோவும் எடுத்துத் தருவான். 12 மீட்டருக்குக் கீழ விடமாட்டான். இன்னொண்ணு, படிச்சு முங்குறது. ஓப்பன் வாட்டர் கோர்ஸ். மூணு நாலு நாள் ஆவும். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிசம் மிதக்கணும். தேறினா 18 மீட்டர் வரைக்கும் போகலாம். நீ மொதலாவதைச் செஞ்சுட்டு ரெண்டாவதைச் செஞ்சதா ஸ்டேட்டஸ் போடுவே. போடு. என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு.

எறங்கறதுக்கு முன்னால ஒரு ஃபாரம் நீட்டுவான். ஆஸ்துமா உண்டா, காதுல கோளாறா, நெஞ்சு எப்படின்னு கேட்டிருக்கும். பொண்ணு பாக்கப் போன அன்னைக்குச் சொன்ன பதிலை அதுல எழுதாதே. உன் மாமனார் பொறுத்துக்கிட்டாரு. கடலுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

கண்ணாடியில ஆவி படியாம இருக்க, எச்சியைத் துப்பித் தேச்சுக் கழுவச் சொல்லுவாவ. கண்ட எடத்துல துப்பாதீங்கன்னு எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. அங்க போயி நீ துப்பு. முதுகுல ஆக்சிஜன்னு ஊர்பூரா அளக்காதே. நாம சும்மா இழுக்கிற காத்துதான், 200 பார் அழுத்தத்துல அடைச்சு வச்சது. எறங்க எறங்கக் காது அடைக்கும். வலிக்கறதுக்கு முந்தியே மூக்கைப் பொத்தி மெல்ல ஊதணும். வலிச்சா வீராப்பு வேண்டாம், கொஞ்சம் மேல வந்து ஊது.

ஆனா முங்குறது பெருசில்லலே. கல்லுகூட முங்கும். மேல வாரதுதான் வித்தை. 10 மீட்டர் ஆழத்துல நெஞ்சு நெறைய இழுத்த காத்து, மேல வர வர ரெண்டு மடங்கா விரியும். மூச்சை அடக்கிக்கிட்டு ஏறினா நுரையீரல் கிழிஞ்சிரும். அதனால தண்ணிக்குள்ள மூச்சை நிறுத்தவே கூடாதுங்கறதுதான் அவுக சொல்லித்தர்ற மொத பாடம். போட்டோவுக்கு வயித்தை எக்கி மூச்சைப் பிடிப்பியே, அதை விட்டுரு. தொப்பை தெரிஞ்சாத் தெரியட்டும். பாக்க வேண்டியவ பாத்தாச்சு.

அவசரமும் ஆகாது. ஆழத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன், வெடுக்குனு மேல வந்தா கோலி சோடாவை உடைச்ச மாதிரிப் பொங்கும். நம்ம தூத்துக்குடியில கம்ப்ரசர் குழாயில மூச்சு வாங்கி, நெடுநேரம் கடலடியில கெடந்து சங்கு எடுத்துட்டுச் சட்டுனு ஏறி, காலு விளங்காமப் போன ஆளுவ உண்டு. அவுகளுக்கு வயித்துப்பாடு. உனக்கென்னலே அவசரம்? நிமிசத்துக்கு 9 மீட்டருக்கு மேல ஏறாதே. 5 மீட்டர்ல 3 நிமிசம் சும்மா நில்லு. சும்மா நிக்கறதுல உன்னை மிஞ்ச நம்ம குடும்பத்துல ஆளு கிடையாது.

காலையில முங்கிட்டுச் சாயங்காலம் பிளேன் ஏறலாம்னு கணக்குப் போடாதே. ஒரு தடவை முங்கினா 12 மணி நேரம், பல தடவைன்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும். அந்த நேரத்துல கடலோரமா நடந்து பவளத் துண்டு பொறுக்கிப் பையில போட்டுராதே. 1972 வனவிலங்குச் சட்டத்துல மாட்டினா, ஜாமீன் எடுக்க நான் கப்பலேறி வரமாட்டேன்.

கடைசியா ஒண்ணு. தண்ணிக்குள்ள கட்டைவிரலைத் தூக்கினா ‘பிரமாதம்’னு அர்த்தமில்ல, ‘மேல போவோம்’னு அர்த்தம். நல்லாயிருக்கேன்னா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வட்டம் போடணும். நீ வழக்கம்போலக் கட்டைவிரலைத் தூக்கிப் போஸ் கொடுத்தேன்னு வையி, வாத்தியார் உன்னைப் பத்திரமாக் கரையில கொண்டாந்து விட்டுட்டு, பொண்டாட்டியை மீன் பாக்கக் கூட்டிட்டுப் போயிருவான். கட்டின காசு போச்சேன்னு எனக்குப் போன் போடாதே. நீ கேட்டதைத்தானலே அவன் செஞ்சான்!